ஏவால்ட் குடிக்காத வருஷம்

ஏவால்டைக் குடிகாரன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவன் பெரும்பாலும் எங்கள் விடுதியிலேயே உட்கார்ந்து, நாலாவது கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சொல்வான். என் புருஷன் ஆல்பன் பீர் ஊற்றுவார், நான் சமைத்துப் பரிமாறுவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே பிழைப்பு. எங்கள் ஊர் ஸ்டைன்பாக்கில் யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது பாதிரியாருக்குத் தெரிவதைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வருஷம் ஏவால்ட் குடிக்கவில்லை. இதைச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

எங்கள் ஊரில் பீர் குடிப்பது குடியில் சேராது. அது சாப்பாடு. பன்றி வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும் தட்டில் வந்தால் பக்கத்தில் வெண்டல் பீர் வரும், அது வராவிட்டால்தான் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். வெண்டல் பீர் ஆலை எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. ஆட்டுக்குட்டியும் கையில் தடியும் வைத்துக்கொண்டு நிற்கும் வெண்டலின் என்ற புனிதர்தான் அதன் லேபிள். பக்கத்து நகரம் பாம்பெர்க்கைத் தாண்டினால் அந்த லேபிளை யாருக்கும் தெரியாது. எங்களுக்கோ வேறு லேபிளைத் தெரியாது.

அந்த ஆலையின் லாரியை ஓட்டுகிறவன்தான் ஏவால்ட். மரம் அறுக்கும் ஆலைக்கு மேலே இருந்த இரண்டு அறையில் பிறந்தவன், பள்ளிக்கூடத்தை விட்டதும் இங்கே பெட்டி தூக்க வந்தான், பிறகு லாரிச் சாவி கைக்கு வந்தது. பெரிய உடம்பு, சிவந்த காது. பீப்பாயை மார்பில் சாய்த்துக்கொண்டு எங்கள் நிலவறைப் படியில் அவன் இறங்கும்போது சுவரில் ஒரு கீறல் விழாது. சுற்றுவட்டாரத்தில் எந்த விடுதியின் நாய் கடிக்கும், எந்த விடுதிக்காரி காப்பி தருவாள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அந்த லாரியை விட்டு இறக்கினால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. வேறு எதுவும் வேண்டியிருக்கவும் இல்லை, அவன் மனைவி இர்ம்கார்டைத் தவிர.

இர்ம்கார்ட் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மெல்லிசான பெண், கறாரானவள். குழந்தை இல்லை. சாயங்காலம் கடை அடைத்துவிட்டு எங்கள் விடுதி வாசலில் வந்து நிற்பாள். அடுப்போரத்து வட்ட மேசை ஊர்க்காரர்களுடையது. வெளியூர்க்காரன் அங்கே உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள். அங்கேதான் ஏவால்ட் இருப்பான். அவள் வாசலிலிருந்தே கேட்பாள்:

"எத்தனையாவது?"

"இதுதான் முதல்" என்பான் ஏவால்ட், கிளாஸைத் தூக்கிக் காட்டி.

மேசையே குலுங்கிச் சிரிக்கும். கூரை வேயும் ஓட்மார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பான். இர்ம்கார்டும் ஆரம்பத்தில் சிரித்திருக்கிறாள். பிறகு உதட்டால் மட்டும் சிரித்தாள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. ஆனால் கேள்வி நிற்கவில்லை, பதிலும் மாறவில்லை, ஓட்மாரின் சிரிப்பும் மாறவில்லை. வருஷக்கணக்காக ஒரே வேடிக்கை.

அப்புறம் தீயணைப்புப் படைத் திருவிழா வந்தது. திரும்பும்போது கார்ச் சாவியை இர்ம்கார்ட் கேட்டிருக்கிறாள். "இதுதான் முதல்" என்று சொல்லிவிட்டு இவனே ஓட்டினான். புனித அன்னாள் சிற்றாலயத்து வளைவில் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினான். இவனுக்கு ஒரு கீறல் இல்லை. இர்ம்கார்டுக்குக் காறை எலும்பு முறிந்தது. போலீஸ் வந்து ஊதச் சொன்னது, அதோடு லைசென்ஸ் போயிற்று.

கட்டுப் பிரித்த அன்றைக்கே இர்ம்கார்ட் வூர்ட்ஸ்பர்க்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகிற வழியில் எங்கள் வாசலில் டாக்சியை நிறுத்தி உள்ளே வந்தாள். மேசை முழுக்க ஆள். எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"ஒரு வருஷம் குடிக்காம இருந்தேன்னு காகிதம் கொண்டு வா. வாயைக் கொண்டு வராத. உன் வாய் பேசறதை நான் நிறையக் கேட்டாச்சு."

அப்படி ஒரு காகிதம் உண்டு. லைசென்ஸைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் ஒரு வருஷம் சொட்டுக்கூடத் தொடவில்லை என்று நிரூபிக்க வேண்டும். சோதனை நிலையத்துக்காரர்கள் அவர்களுக்கு இஷ்டப்பட்ட நாளில் போன் அடிப்பார்கள். மறுநாள் பாம்பெர்க் போய், ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்க, குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். கடைசியில் ஒரு பரீட்சை. முட்டாள் பரீட்சை என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஆலை முதலாளி நல்ல மனுஷன்தான். "ஒரு வருஷம் தற்காலிகமா ஒரு ஆளைப் போட்டுக்கறேன் ஏவால்ட். சீட் உன்னுது" என்றார். அதுவரை இவன் முற்றத்தில் பெட்டி அடுக்கலாம். லாரி, பெண்டாட்டி இரண்டுமே அந்தக் காகிதத்தின் மேல்தான் நின்றன.

ஏவால்ட் நிறுத்தினான். எனக்கே ஆச்சரியம். முதல் வாரம் கை நடுங்கி என் சூப்புத் தட்டைக் கவிழ்த்தான், வியர்வையில் நனைந்தான், ஆனால் தொடவில்லை. சோதனை நிலையத்துப் பெண்மணி என்னென்ன ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்ததை வந்து மேசையில் ஒப்பித்தான்.

"பீர் கூடாது, வைன் கூடாது. ரம் போட்ட சாக்லெட் கூடாது. வாய் கொப்பளிக்கற மருந்து கூடாது. அப்புறம்... ஆல்கஹால் இல்லாத பீரும் கூடாதாம்."

"அப்ப மூச்சு விடலாமா? அதுக்கும் போன் பண்ணிக் கேக்கணுமா?" என்றான் ஓட்மார்.

"இல்லாததுல என்னடா இருக்கு? ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு பீரைப் பத்தி என்ன தெரியும்?" இதைச் சொன்னது லோதார். ஆலையில் பீர் காய்ச்சுவதே அவன்தான். அவன் சொன்னால் எங்கள் மேசையில் மேல்முறையீடு கிடையாது. "பழுத்த வாழைப்பழத்துல இருக்கற ஆல்கஹால்கூட நம்ம இல்லாததுல இல்ல. பயப்படாம குடி."

"ஆப்பிள் ஜூஸ் தரட்டுமா?" என்று நான் கேட்டேன்.

"ஜூஸ் குடிக்கறவன் அந்த மூலையில குழந்தைங்களோட உக்காரணும்" என்றான் ஓட்மார். விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் வட்ட மேசையில் நுரை இல்லாத கிளாஸ் வைக்கக் கூடாது என்பது விளையாட்டில்லை. தண்ணீர் கிளாஸோடு அங்கே உட்கார்ந்த ஒருவனையும் நான் பார்த்ததில்லை. வீட்டிலோ இர்ம்கார்ட் இல்லை. இந்த மேசையும் இல்லையென்றால் மனுஷன் எங்கே போவான்?

"இல்லாததையே கொடு ஹெட்விக்" என்றான் ஏவால்ட்.

அன்றிலிருந்து அதுதான். ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு மாதாமாதம் வீட்டுக்குப் பீர்ப் பெட்டி தருவார்கள். தன் பங்கு முழுவதையும் ஏவால்ட் இல்லாததாகவே மாற்றி வாங்கிக்கொண்டான். அதை வீட்டுக்குத் தூக்கிப்போனவன் அதற்கு முன் அந்த ஆலையில் ஒருவனும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அப்போது அது வாயில் வைக்க விளங்காது. ரொட்டி ஊறிய தண்ணீருக்குச் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கும். நான் சைக்கிளில் வரும் வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்தான் விற்றேன். அவர்களும் இரண்டாவது கேட்டதில்லை.

லோதாருக்கு அது ரோஷம். புதிதாகக் காய்ச்சிப் பார்க்க ஆரம்பித்தான். ருசி பார்க்க ஆள் வேண்டும். மற்றவர்கள் நாக்கில் எப்போதும் நிஜ பீர் இருக்குமே, அதோடு ஒப்பிட்டு எல்லாவற்றையும் துப்பினார்கள். ஏவால்டின் நாக்கு ஒன்றுதான் சும்மா இருந்த நாக்கு. மத்தியானம் பெட்டி அடுக்கி முடித்ததும் லோதார் ஜன்னலிலிருந்து கத்துவான், இவன் போவான்.

"இனிப்பு தூக்கல். ஜாம் மாதிரி இருக்கு" என்பான். இன்னொரு நாள், "கசப்பு வந்துடுச்சு, ஆனா தொண்டைக்குப் போறதுக்குள்ள ஓடிடுது" என்பான். லோதார் திட்டிக்கொண்டே மாற்றுவான். குளிர்காலம் முழுக்க இதே கூத்து.

ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள் இரண்டு பேரும் பாட்டிலோடு என் சமையலறைக்குள் வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். பீர். அருமையான பீர். "என்ன, நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கண்ணை மூடணும்?" என்று திறந்தால் நீல லேபிள். இல்லாதது! ஏவால்டின் சிவந்த காது இன்னும் சிவந்துபோயிற்று. "இது என் பீர், ஹெட்விக்" என்றான். அவன் வாயால் பெருமை பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்த வசந்தத்தில் அவனைப் பார்க்கவே நன்றாக இருக்கும். கண் தெளிந்து, தொப்பை வற்றி, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவான். போன் வரும், பாம்பெர்க் போவான், சுத்தம் என்று பதில் வரும். ஒவ்வொரு தடவையும் வூர்ட்ஸ்பர்க்குக்குப் போன் பண்ணுவான். இர்ம்கார்ட் அதிகம் பேச மாட்டாள். "சரி" என்பாள். ஒருமுறை, "சாப்பிட்டியா?" என்று கேட்டாளாம். அதை என்னிடம் வந்து மூன்று தடவை சொன்னான், பாவி.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன ஆகஸ்ட். அப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. சுற்றியிருக்கும் எல்லா ஊரிலும் திருவிழா, ஆலையில் வண்டி மேல் வண்டி. அதோடு புது நீல லேபிளைக் கடைகள் கேட்டுக் குவித்தன. முற்றத்துத் தார் காலில் ஒட்டியது. ஏவால்ட் காலையிலிருந்து பெட்டி தூக்கினான். தூக்கத் தூக்கத் தாகம். தாகத்துக்கு எதிரிலேயே பெட்டி. பாட்டிலைத் திறந்து நின்றபடியே காலி பண்ணிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்குவான். எத்தனை என்று அவனும் எண்ணவில்லை, யாரும் எண்ணவில்லை. தண்ணீரை யார் எண்ணுவார்கள்? எங்கள் கணக்கில் அது தண்ணீர்தானே. சாயங்காலம் என் விடுதிக்கு வந்து மறுபடியும். அன்றைக்குப் பார்த்துப் போன் வந்தது. மறுநாள் காலை பாம்பெர்க் போய்க் குப்பியில் பிடித்துக் கொடுத்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தான். அதுதான் கடைசிச் சோதனை.

பதில் வந்தபோது அவன் என் சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். படித்தான். மறுபடி படித்தான். என்னிடம் நீட்டினான். குடித்ததற்கான அடையாளம் இருக்கிறது, சோதனை ஏற்பாடு ரத்து, வேண்டுமானால் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இவ்வளவுதான் விஷயம்.

"நான் குடிக்கலை ஹெட்விக்."

"தெரியும்."

"தொடலை. ஒரு சொட்டு..."

"தெரியும்டா. உக்காரு."

உட்காரவில்லை. நேரே ஆலைக்குப் போனான், நானும் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். லோதார் காகிதத்தைப் பார்த்தான். முகம் வெளுத்தது. அப்புறம் பாட்டிலைத் திருப்பிக் காட்டினான்.

"லேபிள்ல போட்டிருக்கே. அரை சதவீதத்துக்குள்ளன்னு."

"வாழைப்பழம்னு சொன்னது யாரு?" என்று கத்தினேன். "சொல்லு! என் மேசையில உக்காந்து சொன்னது யாரு?"

"ஒண்ணு ரெண்டு குடிச்சா வாழைப்பழம்தான். இவன் தோப்பையே குடிச்சிருக்கான். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அவனை அங்கேயே அறைந்திருப்பேன். ஏவால்ட்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். எழுதியிருப்பது உண்மை, லோதார் சொன்னதும் ஒரு மாதிரி உண்மை, சோதனை நிலையத்துப் பெண்மணி முதல் நாளே சொன்னதும் உண்மை. யாரைப் போய்ப் பிடிப்பது?

முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாராம். இன்னொரு வருஷம் சீட்டை உனக்காகப் பிடித்து வைக்க முடியாது, தற்காலிகமாக வந்த லிஹ்டென்ஃபெல்ஸ்காரனையே நிரந்தரமாக்கிவிட்டேன், முற்றத்து வேலை எப்போதும் உண்டு. ஏவால்ட் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

அதைவிட எனக்கு வயிறு எரிந்தது வட்ட மேசையைப் பார்த்துத்தான். ஒருவனும் நம்பவில்லை. நம்பாததோடு விட்டார்களா? சந்தோஷப்பட்டார்கள்! ஓட்மார் அவன் முதுகில் தட்டி, "எங்ககிட்ட சொல்லலாம்டா. வீட்டுல தனியா எத்தனை போட்ட?" என்று கண்ணடித்தான். ஒரு வருஷமாக அவர்களுக்கு மேலே ஒரு படி ஏறி நின்றவன் சறுக்கி விழுந்ததில் அத்தனை பேருக்கும் நிம்மதி. "நம்ம ஆளு திரும்பி வந்துட்டான்" என்று கிளாஸைத் தூக்கினார்கள். தூ!

இர்ம்கார்டுக்கு அவனே போன் பண்ணினான். எங்கள் விடுதிப் போனிலிருந்துதான். அரை சதவீதம், வெயில், பெட்டி, எல்லாம் சொன்னான். மறுபக்கம் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"வருஷம் பூரா நல்லா நடிச்ச, ஏவால்ட். நானே நம்ப ஆரம்பிச்சிருந்தேன்."

அவன் போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டேன். "இர்ம்கார்ட், நீ மருந்துக்கடையில இருக்கறவ. அரை சதவீதம்னா என்னன்னு உனக்குத் தெரியும். பத்துப் பதினஞ்சு பாட்டில் குடிச்சா என்ன ஆகும்னும் தெரியும். கணக்குப் போட்டுப் பாரு. அவன் தொடலைடி. நான் பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது? அவன் குடிச்சாத்தானே எனக்கு லாபம்!"

"ஞாயித்துக்கிழமை வரேன். பூசை முடிஞ்சு நீங்க கடை திறந்திருப்பீங்களே, அப்ப வரேன். அவன்கிட்ட சொல்லாத. சொன்னா தயாராகி உக்காந்திருப்பான். நான் அவனோட தயாராகாத மூஞ்சியைப் பாக்கணும். பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். அவள் குரல் இளகியிருந்தது. எனக்கு அப்படித்தான் பட்டது. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். ஏவால்டும் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். வெளியே லாரிச் சத்தம் கேட்டது. அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு லிஹ்டென்ஃபெல்ஸ்காரன் பீப்பாய் ஏற்றிக்கொண்டு போகிறான். கியர் மாற்றுவதை உரசி உரசி மாற்றினான். ஏவால்ட் அது தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஆல்பனைப் பார்த்து, "ஒரு வெண்டல்" என்றான்.

"இல்லாததுதானே?" என்றார் ஆல்பன்.

"உள்ளது."

மேசையே "ஆஹா!" என்று எழுந்தது. நான் உருண்டைக் கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தேன்.

"என்னடா பண்ற? பைத்தியமா உனக்கு?"

"காகிதத்துல ஏற்கெனவே குடிச்சாச்சு ஹெட்விக். இனிமே வாயால குடிச்சா என்ன குறைஞ்சு போகுது?"

"ஊத்தாத ஆல்பன்!" என்றேன். அவர் அதற்குள் ஊற்றிவிட்டார். கேட்டால் ஊற்றுவது அவர் கைப்பழக்கம், என் தலையெழுத்து. கிளாஸ் மேசைக்கு வந்துவிட்டது. கொடுத்த வாக்காவது மண்ணாவது என்று குனிந்து அவன் காதில் சொன்னேன்.

"இர்ம்கார்ட் வர்றா. இன்னைக்கு. இப்ப. கையை எடு."

என்னை நிமிர்ந்து பார்த்தான். எத்தனையோ வருஷம் பார்த்த முகம், அப்படி ஒரு சிரிப்பை அதில் நான் பார்த்ததில்லை.

"நீ நல்லவ. ஆனா உனக்குப் பொய் சொல்ல வராது."

"சத்தியமாடா! நான்தான் போன் பண்ணினேன்..."

"அவ வரமாட்டா ஹெட்விக். விடு."

எடுத்தான். நிதானமாகக் குடித்தான், பாதிவரை. கீழே வைத்துவிட்டு மீசையைத் துடைத்தான். முகத்தில் ஒன்றும் இல்லை, சந்தோஷம்கூட இல்லை.

அப்போது கதவு திறந்தது. இர்ம்கார்ட். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் நல்ல ஸ்கார்ஃப், முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் பெட்டி இருந்தது. முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவள் துணிப்பெட்டி எடுத்து வர மாட்டாள்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிளாஸைப் பார்த்தாள். அது நீல லேபிளா வேறா என்று கிளாஸில் தெரியாது; ஆனால் மருந்துக்கடைக்காரி பக்கத்தில் வந்து, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கிளாஸை எடுத்து மோந்தாள். வைத்தாள்.

"எத்தனையாவது?" என்றாள்.

ஏவால்ட் எழுந்து நின்றான். சொல்ல வேறு வார்த்தை தேடினான் பாவம். இருந்தது ஒன்றுதான்.

"இதுதான் முதல்."

மேசையில் ஒருவன் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டான். ஓட்மார்தான். உடனே வாயைப் பொத்திக்கொண்டான், ஆனால் சிரித்தாகிவிட்டது. இர்ம்கார்ட் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள்.